மைத்துனன் ஊற்றிய எண்ணெய்

கோயில் மேட்டில் பாதி ஏறியபோது தும்வினேயின் வண்டி ஓலமிட்டது, நகரவில்லை. பின்னால் இருந்த டீச்சரம்மா இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். கபாலே மலையூரில் வாடகை பைக் ஓட்டுகிறவனுக்கு இதைவிட மானக்கேடு கிடையாது. பயணியை மேட்டில் நடக்கவிட்டவன் அன்று பொழுது சாய்வதற்குள் ஸ்டாண்டுத் தலைவர் கக்குருவை ஏற்றிக்கொண்டு அதே மேட்டை ஏறிக்காட்ட வேண்டும். கக்குரு இரண்டு ஆள் எடை. ஏறாவிட்டால் ஸ்டாண்டுச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அந்த இடத்துக்கு ஆறு பேர் காத்திருக்கிறார்கள்.

கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது என்று ஸ்டாண்டில் ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். புதுத் தட்டு வெளியூரிலிருந்து வர இரண்டு நாளாகும். தும்வினே வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தபோது மனைவி கெமிகிஷா முற்றத்தில் பீன்ஸ் புடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் மாவு மில்லைத் தனியாளாக ஓட்டியவள் அவள். அவன் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைத்தான் விசாரித்தாள். கிளட்ச் பிடியை இரண்டு விரலால் ஆட்டினாள். இருக்க வேண்டிய தளர்ச்சி இருந்தது, கேபிள்மேல் குற்றமில்லை. முன்சக்கரத்தைச் சுவரில் முட்டக்கொடுத்து, ஸ்டார்ட் செய்து, இரண்டாம் கியரில் பிடியை மெல்ல விட்டாள். நியாயமாக எஞ்சின் திணறி அணைய வேண்டும். அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

"உள்ள தட்டு வழுக்குது. என்ன எண்ணெய் ஊத்துனீங்க?"

தும்வினே குனிந்து சக்கரத்துச் சேற்றைச் சுரண்டத் தொடங்கினான். கம்பாலாவில் டாக்சி ஓட்டும் அவளுடைய அண்ணன் போன வாரம் வந்தபோது, தன் காருக்கு வாங்கிய உயர்ந்த எண்ணெயில் ஒரு டப்பா கொண்டுவந்து, பக்கத்திலேயே நின்று ஊற்றவைத்துவிட்டுப் போனான். பெண்டாட்டியின் அண்ணன் கொடுப்பதை வேண்டாமென்று சொல்லும் மாப்பிள்ளை இந்த மலைப்பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. கொடுத்தவனைக் குறை சொல்வது அதைவிட மோசம். கெமிகிஷா அடுப்படிக்குப் போய், விதைச்சோளம் போட்டு வைத்திருந்த அந்தக் காலி டப்பாவை எடுத்துவந்து அதிலிருந்த கார் படத்தைக் காட்டினாள்.

"காருக்கு கிளட்சு எண்ணெயில படாது. அதனால அந்த எண்ணெயில வழவழப்பு ஜாஸ்தி. நம்ம வண்டிக்கு கிளட்சு அதுலயேதான் ஊறிக் கெடக்கு, வழுக்காம என்ன பண்ணும்? எங்கண்ணன் கெடுத்தாருன்னு சொல்ல வாய் வரல, இல்ல?" என்று சிரித்தாள்.

பைக்குக்கான எண்ணெய் வாங்க அவனைக் கடைக்குத் துரத்திவிட்டு, பழையதை வடித்து, வலப்பக்க மூடியைக் கழற்றினாள். தட்டுகளை எடுத்த வரிசை குலையாமல் சுளகில் பரப்பினாள். ஒன்றும் தேயவில்லை, கருகவுமில்லை. ஒவ்வொன்றையும் பெட்ரோலில் கழுவித் துடைத்து, புது எண்ணெயில் நனைத்து, முன்பிருந்த வரிசையிலேயே அடுக்கினாள். மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் காகிதம் கிழிந்துபோயிருந்தது. பால்பவுடர் அட்டையை மூடியின் விளிம்பில் வைத்துக் கரண்டியால் தட்டித்தட்டி அச்சு எடுத்து வெட்டினாள். முழங்கை வரை கறுத்திருந்த அந்தக் கைகளைத் தும்வினே பார்த்துக்கொண்டே நின்றான். எந்த ஜென்மத்துப் புண்ணியமோ என்று தோன்றியது. சொல்லத்தான் கூச்சம்.

பொழுது இறங்கும்போது கக்குரு ஏறி உட்கார, பின்சக்கரம் அழுந்தியது. ஸ்டாண்டே திரண்டு நின்றது. டீச்சரம்மா இறங்கிய திருப்பத்தில் தும்வினே இரண்டாம் கியருக்கு மாற்றிப் பிடியை மெல்ல விட்டான். வண்டி ஒருமுறை முனகிவிட்டு, தரையைப் பிடித்துக்கொண்டு ஏறியது. கோயில் வாசலில்தான் நிறுத்தினான்.

"யாருடா மெக்கானிக்கு? என் வண்டியும் ஒரு மாசமா இப்படித்தான் அழுவுது" என்றார் கக்குரு.

வீட்டுக்காரி என்று சொன்னால் நாளைக்கு ஸ்டாண்டு முழுக்க இதே பேச்சாகத்தான் இருக்கும். தும்வினே வண்டியை மேட்டின் விளிம்புக்குத் திருப்பினான்.

"கீழ பாருங்க, தலைவரே."

கீழே வாழைகளுக்கு நடுவே முற்றத்தில், சுளகை இடுப்பில் இடுக்கியபடி, ஒரு காதை மேட்டுப்பக்கம் திருப்பி அவள் நின்றுகொண்டிருந்தாள்.