மாமா கூப்பிட்ட அலைவரிசை

வேலை பார்க்கும் ரேடியோ ஆய்வகத்தில் அவளுக்குப் 'பூஜ்யம் அக்கா' என்று பட்டப்பெயர். கணினியிலிருந்து இயக்கும் ரேடியோ எதுவானாலும் பவரைப் பூஜ்யத்தில் வைத்துத்தான் தொடங்க வேண்டும், ஆன்டெனா மாட்டாமல் ஒலிபரப்பக் கூடாது, மீட்டரைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும் என்று எல்லார் காதும் புளிக்கும் அளவுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவளைத்தான் துறைமுக ரேடியோ அறை அதிகாரி போனில் கூப்பிட்டார்.

"உங்க வீட்டு சிக்னல் பக்கத்து சேனல் வரைக்கும் வழிஞ்சு எல்லாரையும் அமுக்குதும்மா. நேத்து இன்ஜின் நின்னுபோன படகு ஒண்ணு உதவி கேட்டிருக்கு, எங்களுக்குக் கேக்கவே இல்ல. வேற ஒரு கப்பல் கேட்டதால பொழச்சாங்க."

அவள் மன்னிப்புக் கேட்டாள்.

"அனுமதி உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவர் இப்ப..." என்று இழுத்தவர், அதை அப்படியே விட்டுவிட்டார். "இனிமே அங்கேருந்து ஒண்ணும் வெளிய வரக்கூடாது."

அவள் கணவன் கடலில் மிதக்கும் வானிலைக் கருவிகளைப் பழுதுபார்க்கிறவன். மழைக்காலம் தொடங்குமுன் படகில் போனவன் திரும்பவில்லை. படகும் வரவில்லை. தேடினார்கள், பிறகு தேடுவதை நிறுத்திவிட்டார்கள். மாமனார் மட்டும் நிறுத்தவில்லை. காலமெல்லாம் பேருந்து ஓட்டிய மனிதர், மாடி அறையில் மகன் வைத்துவிட்டுப் போன ரேடியோ முன்னால் சாயங்காலம் தவறாமல் உட்கார்ந்து அவனைக் கூப்பிட்டார்.

அன்று அவள் படியேறிப் போனபோது, திரையில் பவர் கடைக்கோடி வரை ஏறியிருந்தது. ஆம்ப்ளிஃபயர் அடுப்பாய்க் கொதித்தது.

"இவ்வளவு ஏத்தலாமா மாமா?"

"மெதுவா கூப்பிட்டா தூரத்துல இருக்கவனுக்கு எப்படிம்மா கேக்கும்?"

படகு விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் வெளிறிவிட்டது. "யாரு பெத்த பிள்ளைங்களோ" என்று முணுமுணுத்தார். பிறகு, பிடிபட்ட குழந்தையைப் போல அவளைப் பார்த்தார். "அளவா வெச்சுக் குடுத்துரு. அதுக்கு மேல தொடமாட்டேன். மொத்தமா வேணாம்னு மட்டும் சொல்லாதம்மா."

சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் ஆய்வகத்திலிருந்து டம்மி லோட் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டுகிற உலோக உருளை அது. உள்ளே வருவதையெல்லாம் சூடாக்கி விழுங்கிவிடும், வெளியே எதையும் விடாது. அவர் குளிக்கப் போன நேரத்தில் ஆன்டெனாக் கம்பியைக் கழற்றிவிட்டு மேசைக்குப் பின்னால் அதை மாட்டினாள். மீட்டர் முள் அசையாவிட்டால் சந்தேகப்படுவார் என்று ஆம்ப்ளிஃபயரை எடுக்கவில்லை. பூஜ்யத்திலிருந்து ஏற்றிக்கொண்டே வந்து, உருளை தாங்குகிற அளவில் நிறுத்தி, அதைத் தாண்ட முடியாதபடி மென்பொருளில் பூட்டினாள். வேலை சுத்தமாக முடிந்தது.

அதன்பின்னும் சாயங்காலங்களில் அவள் வழக்கம்போல் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டாள்.

"உன் வண்டிக்குக் காத்தடிச்சு வெச்சிருக்கேன்டா. பக்கத்து வீட்ல பெயின்ட் அடிக்கிறாங்க, கண்றாவியான பச்சை, நீ பார்த்தா சிரிப்ப. உன் பொண்டாட்டி சரியாவே சாப்பிட மாட்டேங்கிறா. நான் சொன்னா கேக்குறாளா? நீ வந்து சொல்லு."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் அவர் பேனா உருண்டு மேசைக்குப் பின்னால் விழுந்தது. எடுக்கக் குனிந்தவரின் கை உருளையில் பட்டது. அவளை மேலே கூப்பிட்டார்.

"இது என்னம்மா, இப்படிச் சுடுது?"

பொய் ஒன்றைத் தேடினாள். அகப்படவில்லை.

"நீங்க பேசறது அதுக்குள்ள போய்ச் சூடாகுது மாமா."

"அப்ப ஆன்டெனா?"

"கழட்டிட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே தொங்கிய கம்பியை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரு வார்த்தை கூடவா போகல?"

"இல்ல மாமா."

கோபப்படுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றி, அதன் ஒயரை நிதானமாகச் சுற்றி மேசைமேல் வைத்தார்.

"அவன் வரமாட்டான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"தேடறத நிறுத்தின அன்னிக்கே."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, தாயி."

"எப்படிச் சொல்றது? நீங்க கூப்பிடறப்ப, பதில் வந்துருமோன்னு நானும் படியில உக்காந்திருந்தேன். கம்பியக் கழட்டினது நான்தான். அப்பவும் உக்காந்திருந்தேன் மாமா."

அவர் ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைத் தாமே அணைத்தார். விசிறிச் சத்தம் அடங்கியது. பிறகு மேசையில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, பெரிய உடம்பு முழுவதும் குலுங்க அழுதார். தேடலை நிறுத்திய அன்றுகூட அழாதவள், தரையில் அப்படியே உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கீழே அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்கிற வாசனை மாடி வரை வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.