பக்கத்தில் இருந்ததாக ஒரு பதிவு

வாடிக்கையாளர் வீட்டுச் சமையலறையில், தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தபோது மெக்கானிக்கின் கைபேசி அதிர்ந்தது. கம்பெனியின் ஊடகப் பிரிவிலிருந்து, சமூக வலைத்தளத்தில் அவன் பெயரில் போட வேண்டிய வாராந்திரப் பதிவு வந்திருந்தது. படித்துப் பார்த்து 'வெளியிடு' என்பதை அழுத்த வேண்டும். அவன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்து, அழுத்திவிட்டு, மறுபடி வடிகட்டியை எடுத்தான்.

விளம்பரத்தைவிட மனிதர்களின் குரலைத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள் என்று முதலாளி எங்கோ கேட்டுவிட்டு வந்ததில் தொடங்கியது இது. முதலில் அவர் தன் இளவயது வறுமையை எழுதினார். கூட்டம் சேர்ந்தது. பிறகு ஊழியர்களும் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு எழுத வேண்டும் என்றானது. எழுத வராதவர்களுக்கு ஊடகப் பிரிவில் ஒரு பெண் எழுதிக் கொடுத்தாள். அலுவலகத்தில் 'மௌனி' என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த மெக்கானிக்குக்கு அது சௌகரியமாகப் போயிற்று.

மதியம் கிடங்குக்குத் திரும்பியதும் ஸ்டோர்கீப்பர் பிடித்துக்கொண்டார். "என்னப்பா மௌனி, எல்லாரையும் அழ வெச்சுட்டே? முதலாளியே பகிர்ந்திருக்காரு. அடுத்து எலெக்‌ஷன்ல நிக்கலாம் நீ."

அவன் சிரித்துக்கொண்டே கைபேசியை எடுப்பதற்குள் அக்கா அழைத்துவிட்டாள்.

"அம்மா பக்கத்துல இருந்தியாடா நீ?"

அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. போன மாதம் அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது அவன் லீவு கேட்டான். கம்பெனி கலந்துகொள்ளும் கண்காட்சி முடியட்டும் என்றார்கள். முடிந்து அவன் போய்ச் சேர்ந்தபோது அம்மா இல்லை. கட்டிலோரத்தில் கடைசிவரை கிடந்தவள் அக்கா ஒருத்திதான்.

"படிக்கிறேன், கேளு," என்றாள். "'வேலையைப் பற்றிக் கவலைப்படாதே என்று என் நிறுவனம் என்னை அனுப்பி வைத்தது. அம்மாவின் கையைப் பிடித்தபடி கடைசி மூச்சுவரை பக்கத்தில் இருந்தேன்.' லீவே தரலைன்னு என்கிட்ட சொன்னே. எதுடா பொய்?"

"அது நான் எழுதலக்கா. ஆபீஸ்ல ஒரு பொண்ணு எழுதித் தரும். நான் அழுத்தினதோட சரி."

"படிக்கலையா?"

"வேலையா இருந்தேன்."

"அம்மாவைப் பத்தினதைக் கூடவா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அவன் மாடியேறி ஊடகப் பிரிவுக்குப் போனான். அவன் நடந்ததைச் சொன்னதும் அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"உங்க அம்மா தவறிட்டாங்கன்னு மட்டும்தான் சொன்னாங்கண்ணா. மீதியை நானே நிரப்பினேன். இந்த மாதிரி எழுதினாத்தான் நிறைய பேர் படிப்பாங்க. தப்பு இருந்தா நீங்க திருத்துவீங்கன்னு நினைச்சேன்."

அவளைக் கோபித்துக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. அவள் சொன்னது சரிதான். திருத்த வேண்டியவன் வடிகட்டி கழுவிக்கொண்டிருந்தான்.

அதற்குள் முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் தோளில் கைபோட்டார். "அவசரப்பட்டு எடுத்துடாதீங்க தம்பி. இதைப் பார்த்து எத்தனை பேரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்காங்க தெரியுமா? இது நம்ம குடும்பம்."

"அவங்க வீட்டுல யாராவது படுத்துட்டா லீவு கிடைக்கும்னு நம்பித்தானே சார் வருவாங்க?"

முதலாளியின் கை தோளிலிருந்து இறங்கியது. அவர் முன்னாலேயே மௌனி பதிவை நீக்கினான். ஆனால் ஆளாளுக்குப் படமெடுத்து அனுப்பிய பிரதிகள் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் அவனுக்கு அதிகாரம் இல்லை.

சாயங்காலம் அக்காவை அழைத்தான். நல்லவேளை, எடுத்தாள்.

"பதிவை எடுத்துட்டேன்க்கா."

"பார்த்தேன். அதுக்குள்ள சித்தப்பா கூப்பிட்டு, 'புள்ள அங்கேயே இருந்தானாமே, நீ ஏன் அவன் வரலைன்னு சொன்னே'ன்னு என்னைக் கேக்குறாரு. இப்ப நான்தான் பொய்க்காரி."

"நான் பேசுறேன்க்கா அவர்கிட்ட."

"பேசு. எல்லார்கிட்டயும் உன்னால பேச முடியுமா?" அவள் குரலில் கோபம் வடிந்து அலுப்பு மட்டும் இருந்தது. "கம்பெனி உன் உழைப்புக்குத்தாண்டா சம்பளம் தருது. பேரையும் சேர்த்துக் கொடுத்துட்டா, அவங்க சொல்ற பொய்யெல்லாம் நீ சொன்னதாத்தான் ஆகும். நம்மளைத் தெரிஞ்சவங்கதான் அதை முதல்ல நம்புவாங்க."