தொண்ணூறாவது தடவை

சூசன் கம்ப்யூட்டரை மூன்றாவது தடவையாக அணைத்து, பத்து வரை எண்ணி, மறுபடி போட்டாள். அதே சிவப்புத் திரைதான் வந்தது. உங்கள் உரிமக் காலம் முடிந்துவிட்டது, வெளிநாட்டுத் தபால் பெட்டி ஒன்றுக்குப் பணம் அனுப்பினால் கோப்புகளைத் திறக்க வழி சொல்கிறோம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சரக்குப் பட்டியல் ஒன்றைக்கூடக் காணவில்லை.

"அலாமாக், நான் ஒண்ணும் தொடலம்மா. சுவிட்சத்தான் போட்டேன்" என்று பதறினார் மார்க்கிரட்.

கிள்ளான் துறைமுகம் வழியாகச் சரக்கு அனுப்பும் அந்த அலுவலகத்தில் மூன்றே பேர். முதலாளி சண்முகரத்தினம், இருபது வருடமாக டைப்ரைட்டரோடு இருந்து, போன வருடம்தான் கம்ப்யூட்டருக்கு மாறிய மார்க்கிரட், எட்டு மாதத்துக்கு முன் சேர்ந்த சூசன்.

சண்முகரத்தினம் திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "புதன்கிழமை கப்பல் கெளம்புது. அதுக்குள்ள லிஸ்ட் வேணும். இதச் செஞ்சது யாருன்னு தெரிஞ்சா, அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

மார்க்கிரட் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவருடைய மகன் லியனார்டுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது.

சாயங்காலம் சூசன் பஸ் பிடித்துப் பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் கம்ப்யூட்டர் மாலை வகுப்புக்குப் போனாள். திரையில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தாள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பேங்கின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்யும் ரபேல், பக்கத்து மேசையிலிருந்து அதை வாங்கிப் படித்தான்.

"காசு மட்டும் கட்டிடாத லா. வாங்கிக்கிட்டு அவன் வந்து தொறந்து விடுவான்னா நெனைக்கிற?"

"அப்ப எல்லாம் போச்சா?"

"போவல. இது ஒரு திருட்டு புரோகிராம், உள்ள இருக்கறத அழிக்காது. பேர மாத்தி ஒளிச்சு வைக்கும், அவ்வளவுதான். எங்கிருந்தோ வந்த தெரியாத டிஸ்க்கப் போட்டிருக்கீங்க. போட்டதும் அது உள்ள போய் உக்காந்துக்கும். ஒவ்வொரு தடவ ஆன் பண்றப்பவும் எண்ணும். தொண்ணூறு ஆனதும் வேலையக் காட்டும்."

சூசனுக்கு முதலாளியின் சட்டம் ஞாபகம் வந்தது. மிஷின் சூடாகிவிடும் என்று தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் துறைமுகம் போகும்போதும் அணைக்கச் சொல்வார். ஒவ்வொரு தடவை போடும்போதும் ரிஜிஸ்டரில் நேரத்தை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து தடவையாவது ஆகிவிடும்.

"நான் தப்பா ஏதாவது அமுக்கி, இருக்கறதும் போயிட்டா?"

"மொதல்ல எல்லாத்தையும் வேற டிஸ்க்குல காப்பி பண்ணு. அப்புறம் அமுக்கு" என்ற ரபேல், மிஷினை எழுப்ப மட்டும் சுத்தமான டிஸ்க் ஒன்றைத் தனியாகக் கொடுத்தான். யாரும் அதில் எழுத முடியாதபடி ஓரத்து வெட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "இதப் போட்டே ஆன் பண்ணு. அப்பத்தான் உள்ள இருக்கறவன் முழிச்சிக்க மாட்டான்."

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே சூசனும் மார்க்கிரட்டும் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். மார்க்கிரட் இரண்டு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, வாங்கி வந்திருந்தார். சூசன் ரபேலின் டிஸ்க்கைப் போட்டு மிஷினை எழுப்பினாள். மறைந்திருந்தவை வரிசையாக வந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். ஒவ்வொன்றின் பெயரும் கலைத்துப் போட்ட எழுத்துகளாக இருந்தது. காப்பி எடுத்து முடித்து, முதல் கோப்பைத் திறந்தாள். உள்ளே எண்களும் எடைகளும் அப்படியே இருந்தன. எந்தக் கப்பலுடையது என்று அவளுக்குப் புரியவில்லை.

"தள்ளு, பார்க்கறேன்" என்று மார்க்கிரட் குனிந்தார். "நானூறு பெட்டி ரப்பர் கையுறை. ஹாம்பர்க். மார்ச் மாசம். அந்த லோரி மேரு ரோட்டுல கவுந்துச்சே, அது."

"நெஜமாவா ஆன்டி?"

"பின்ன? அன்னைக்கு முழுக்க நான்தானே போன்ல திட்டு வாங்கினேன்."

மார்க்கிரட் சொல்லச் சொல்ல சூசன் பெயர்களைத் திருப்பி வைத்தாள். நெய்ப்பெட்டி, மரக்கட்டை, பாமாயில். எதுவுமே மார்க்கிரட்டுக்குத் தெரியாமல் போகவில்லை. சாப்பிட மறந்த சூசனுக்கு ஒருமுறை அவரே வாயில் ஊட்டிவிட்டார். மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. சூசன் ஒளிந்திருந்த நிரலைத் தேடி அழித்தாள். மிஷின் எழும்போது முதலில் படிக்கும் கோப்பைப் புதிதாக எழுதினாள். பிறகு ஏழெட்டுத் தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள்.

"போதும்லா. அதுக்கு மயக்கம் வந்துடப் போவுது."

சூசன் சிரித்தாள். சிரித்தபடியே ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனாள். இது யாருடைய தவறும் இல்லை என்று கணக்கோடு காட்ட வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

"எல்லாம் வந்துடுச்சு சார். மூணு வாரத்துல சரியா தொண்ணூறு தடவ ஆன் பண்ணியிருக்கோம். அதான் சார். யாரும் வேணும்னு செய்யல."

சண்முகரத்தினம் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். மூன்று வாரத்துக்கு முந்திய திங்கட்கிழமையில் அவர் விரல் நின்றது. குறிப்புக் கட்டத்தில் மார்க்கிரட்டின் உருண்டையான கையெழுத்தில், புது டிஸ்க் போட்டது என்று இருந்தது. சூசன் அந்தக் கட்டத்தைப் பார்த்திருக்கவே இல்லை; அவள் எண்ணிக்கொண்டு வந்தது நேரங்களை மட்டும்தான்.

"சார், அது உங்க பேருக்கு வந்த கவர். துறைமுகக் கட்டணம்னு போட்டிருந்துச்சு. என்னன்னு பாருங்கன்னு நீங்கதானே ஆன்டிகிட்ட குடுத்தீங்க?"

"பார்க்கச் சொன்னேன். போடச் சொன்னேனா?"

"போடாம எப்படி சார் பார்க்கறது?"

அவர் ரிஜிஸ்டரை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நமக்குச் சரக்கு குடுக்கற சிங்கப்பூர் ஆபீசுக்கு ஒரு பேர் சொல்லியாகணும் பிள்ளை. நீ நல்ல வேலை செஞ்சே. ஒரு லெட்டர் அடிக்கணும், எழுதிக்கோ."

சூசன் திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். மார்க்கிரட்டை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் நான்கே வரி. மூன்றாவது வரிக்கு வரும்போது மார்க்கிரட் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"ஆன்டி, நான்தான்... அந்த ரிஜிஸ்டர நான்தான் கொண்டு போய்க் காட்டினேன்."

மார்க்கிரட் திரைக்கு அருகே குனிந்தார். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக் கடிதத்தை முழுதும் படித்தார்.

"நான் சேர்ந்த வருஷம் எழுபதுன்னு இருக்கே. நான் சேர்ந்தது அறுபத்தொம்பது, ஜூன்."

சூசன் திருத்தப் போனாள். விரல் தப்பித் தப்பி விழுந்தது.

"மெதுவா அடி. அவசரமில்ல."

பிரிண்டர் ஓடத் தொடங்கியது. தாள் மடங்கி உள்ளே சிக்கிக்கொள்ளாமல் இருக்க, மார்க்கிரட் அடியில் இரண்டு கையையும் கொடுத்து அதைத் தாங்கிக்கொண்டு நின்றார்.