எஞ்சின் அறைக்கு ஒரு கயிறு

புளோறன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை விரல்களுக்கிடையில் இழுத்துப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் சுழியோடிகள் வழிக்கயிறு சுற்றிக் கொண்டுபோகும் இரண்டு ரீல்கள் கிடந்தன. ஒன்று பெரியது. மூடிய பெட்டிக்குள் சுழலும் உருளை, நீளமான மெல்லிய நைலோன் கயிறு. மற்றது சிறியது, பழையது. திறந்த சட்டத்தில் தடித்த பின்னல் கயிறு.

நிலாம் வாசற்படியைத் தாண்டவில்லை. உப்புத் தண்ணீரில் அவன் கண்கள் சிவந்திருந்தன. முகத்துவாரத்துக்கு வெளியே மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பலில் பித்தளை கழற்ற, முந்தின நாள் அவனும் அவள் புருஷன் நிக்கலஸும் சுழியோடப் போனார்கள். நிலாம் மட்டும் மேலே வந்தான்.

"பெரிசத் தாங்க அக்கா. நிக்கலஸ் நானாவ எடுக்கக் கப்பல் வாசல்ல இருந்து எஞ்சின் ரூம் வரைக்கும் போகோணும். சின்னதுல கயிறு காணாது."

"நேத்து அவர் கொண்டு போனதும் இந்த மெல்லிசுதானே?"

"ஓம்."

"எப்பிடி அறுந்தது?"

"எஞ்சின் ரூம் கதவு. கறள் புடிச்சு பிளேட் மாதிரி ஈக்குது. நானா உள்ள போய்ட்டார். சேறு கிளம்பி ஒண்டும் தெரியல்ல. கயித்தப் புடிச்சுக்கொண்டு பின்னால போனன். கதவடியில கயிறு முடிஞ்சிட்டுது. கைய நீட்டி நீட்டித் தடவினன். என்ட காத்தும் முடியப் போச்சு." அவன் நிலத்தைப் பார்த்தான். "வந்திட்டன்."

உள்ளறையில் நிக்கலஸின் அக்கா மேபல் அவனுடைய கல்யாணக் கோட்டை அயர்ன் செய்துகொண்டிருந்தாள்.

"உள்ள போனது ஒருத்தர் போதும், புளோறன்ஸ்," என்றாள் அங்கிருந்தே. "இவனுக்கும் மனுசி இருக்கு. ஃபாதர் வெறும் சவப்பெட்டிக்குப் பூசை வைப்பார்."

"வெறும் பெட்டிக்கு எதுக்கு மச்சாள் கோட்டை அயர்ன் பண்ணுறியள்?"

மேபல் கோட்டின் மற்றக் கையை எடுத்து விரித்தாள்.

வேண்டாம் என்று சொன்னாலும் நிலாம் போவான் என்பது புளோறன்ஸுக்குத் தெரியும். கடற்படை மத்தியானம் வரைதான் நேரம் கொடுத்திருந்தது. காற்று டாங்கைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கும் தமிழன் என்பதால், நிக்கலஸ் உயிரோடிருந்தபோது ஒரு கடற்படைப் பாஸுக்காக மாதக்கணக்கில் அலைந்தான். அவன் உடலை எடுக்க அந்தப் பாஸ் ஒரே இரவில் கிடைத்துவிட்டது. நிலாம் எந்தக் கயிற்றோடு போகிறான் என்பது மட்டும்தான் இப்போது அவள் கையில் இருந்தது. புருஷன் மண்ணுக்கு வர வேண்டும். அதற்காக இன்னொரு வீட்டிலும் சாவு விழக் கூடாது.

"கையுறையைப் போடு. கண்ணை மூடு."

போட்டான். இரண்டு கயிற்றையும் மாறி மாறி அவன் விரல்களுக்குள் வைத்தாள். மெல்லிசை வைத்தபோது, கையுறைக்குள் எதுவும் தட்டுப்படாமல், "வைச்சாச்சா?" என்று கேட்டான்.

"பெட்டிக்குள்ள இது சிக்கினா, அங்க வைச்சுத் திருப்புளி கொண்டு கழட்டுவியோ? திறந்த சட்டம் எண்டா விரல் விட்டுச் சிக்கெடுக்கலாம்."

"அது சரிதான். ஆனா நீளம்?"

"கப்பல் வாசல்ல இருந்து கதவடி வரைக்கும் அவர்ட கயிறு கட்டினபடிதானே கிடக்குது? அதைப் பிடிச்சுக்கொண்டு போ. கதவுக்கு முன்னால கறள் இல்லாத இரும்பாப் பாத்து உன்ர கயித்தைக் கட்டு. அங்கயிருந்து சின்னது தாராளம்."

நிலாமின் முகம் மாறியது. இரவு முழுக்க அவன் கப்பல் வாசலிலிருந்தே தூரத்தைக் கணக்குப் போட்டிருந்தான். நிக்கலஸின் கயிற்றை அவன் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

"மௌத்தானவர் கட்டின கயித்தப் புடிச்சு எங்கட ஆக்கள் ஒருத்தரும் போறதில்ல, அக்கா. அது கூப்பிட்டுக்கொண்டு போயிடும் எண்டுதான் சொல்றது."

புளோறன்ஸ் சிறிய ரீலைத் தூக்கி அவன் கையில் வைத்தாள்.

"அங்க கிடக்கிற கயித்தையும் ரீல்ல சுத்தினது நான்தான். அவருக்கு ஒரு நாளும் இறுக்கிச் சுத்தத் தெரியாது. நான் சாகேல்ல."

அவன் ரீலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதன் கொக்கியை இடுப்புப் பட்டியில் மாட்டினான்.

முகத்துவாரக் கரையில் சனம் கூடியிருந்தது. துவக்கோடு நின்ற கடற்படைக்காரன் யாரையும் தண்ணீருக்குக் கிட்ட விடவில்லை. வள்ளம் தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளியாக நின்றது. புளோறன்ஸ் தேத்தண்ணிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் இருந்தாள். செபம் வரவில்லை. கடல் அசைவில்லாமல் கிடந்தது. அந்தத் தட்டையான வெளிச்சத்துக்குக் கீழே ஒரு முழுக் கப்பல் இருக்கிறது, அறைகள், கதவுகள், படிகள் இருக்கின்றன என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வள்ளம் திரும்பி வந்தது. கரையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வள்ளத்தில் வெள்ளைத் துணியால் மூடி ஒன்று நீளமாகக் கிடந்தது. பக்கத்தில் நிலாம் குந்தியிருந்தான்.

இறங்கி வந்தவன் அவளுக்கு முன்னால் மணலில் இருந்தான். பல்லோடு பல் அடித்தது. ரீலின் கொக்கியைக் கழற்றி மணலில் வைத்தான்.

"சேறெல்லாம் அடங்கியிருந்திச்சு, அக்கா," என்றான் கடைசியில். "கண்ணாடி மாதிரித் தண்ணி. மேல எங்கயோ ஒரு ஓட்டை. அதால வெளிச்சம் தூண் மாதிரி நேரா இறங்கி நிக்குது. எஞ்சின் ரூம் முழுக்கச் சின்ன மீன். ஆயிரம், பத்தாயிரம், தெரியாது. எல்லாம் ஒரே பக்கம் பாத்துக்கொண்டு நிக்குது. நடுவுல நானா. மீன் அவருக்கு வழி விட்டு நிக்கிற மாதிரி. நான் போன வேலைய மறந்திட்டன். டோர்ச்ச அணைச்சிட்டுப் பாத்துக்கொண்டே இருந்தன்."

"நேத்து சேறு கிளம்ப முந்தி," என்றாள் புளோறன்ஸ், "அவரும் பாத்திருப்பாரோ?"

நிலாம் கடலைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் போத்தல் மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினாள். அவன் கைகள் நடுங்கி அது மணலில் கொட்டியது. மறுபடி ஊற்றினாள். இந்த முறை மூடியைத் தானே அவன் வாயருகே பிடித்தாள். அவன் மெல்ல மெல்லக் குடித்தான். பின்னால் பிரேதம் ஏற்ற வந்த வேனின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். மேபலும் நின்றாள். மூடி வெறுமையாகும் வரை ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை.