இரவல் அப்பா

1

இந்தக் கதை என்னுடையதில்லை, அண்ணியிடம் சுட்டது. அவர் கல்லூரியில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறார். 'எங்கள் வீட்டில் உழைப்பவர்' என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டும், பிறகு தாளைப் பார்க்காமல் வகுப்பின் முன்னால் பேச வேண்டும், கேட்கிறவர்கள் ஆங்கிலத்திலேயே கேள்வி கேட்க வேண்டும். இதுதான் அவர் கொடுத்த வேலை. முப்பது பேர் எழுதியதில் பதினோரு பேருடைய அப்பா தபால்காரர். பதினோரு அப்பாவுக்கும் இடது முழங்காலில் நாய் கடித்த தழும்பு.

"ஒரே நாய் எத்தனை பேரைத்தான் கடிக்கும், தம்பி?" என்றார் அண்ணி. விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்தது தப்பு என்று பிறகுதான் உறைத்தது.

(யாரோ ஒரு சீனியரின் பழைய அசைன்மென்ட், வருடா வருடம் கைமாறி வருகிறது. தனக்கு இத்தனை பிள்ளைகள் என்று அந்தத் தபால்காரருக்குத் தெரியாது, பாவம்.)

2

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: 'வானம் இருண்டு கிடந்த அந்தக் காலையில் அவள்...'

வேண்டாம். வானத்துக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்று: 'சோம்பேறியான அந்த மாணவி...'

இதையும் அடித்துவிட்டேன். சோம்பேறி எங்கேயாவது அந்தத் தபால்காரர் தாளின் பதினாறு வரியை முற்றுப்புள்ளி உட்பட நெட்டுரு போடுவாளா?

வகுப்பில் அவளுக்கு 'சைலன்ட் மோடு' என்று பெயர். வாயைத் திறக்கவே மாட்டாள். அப்பா மூட்டை தூக்கியவர். முதுகு போய் இரண்டு வருடமாக வீட்டோடு இருக்கிறார். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தாள். 'என் அப்பா' வரைக்கும் ஆங்கிலம் வந்தது. அதற்கு மேல், போன முதுகுக்கும் வீட்டோடு இருப்பதற்கும் அவளிடம் வார்த்தை இல்லை. தபால்காரரோ ஆங்கிலத்தோடு தயாராகக் கிடைத்தார்.

3

காப்பி என்று தெரிந்தால் சைபர். இந்தப் பாடத்தில் தேறாவிட்டால் அடுத்த வருடத்துக்குப் போக முடியாது. முதல் ஆளாக அவளைத்தான் அண்ணி கூப்பிட்டார். கடகடவென்று ஒப்பித்தாள், ஒரு தப்பில்லை. காப்பி என்று அண்ணிக்குத் தெரியும், இருந்தாலும் பேசி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: இன்று காலை உன் அப்பா என்ன செய்தார்?

அது தாளில் இல்லை. 'தபால் கொடுத்தார்' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். (முதலில் அப்படித்தான் முடித்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை.)

காலையில் நடந்தது இது. அப்பா முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார். "சொல்லும்மா, நான் கேக்கறேன்." பத்துத் தடவை சொன்னாள், பத்துத் தடவையும் கேட்டார். அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. "என்னைப் பத்தியாம்மா?" என்றார் கடைசியில்.

"ஆமாப்பா."

மனுஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

(இது எனக்கு எப்படித் தெரியும்? பிறகு அண்ணியிடம் அவளே சொல்லி அழுதிருக்கிறாள்.)

4

அவள் ஆங்கிலத்தில் சொன்னதை, உடைசல் மாறாமல் தருகிறேன்.

"என் அப்பா தபால்காரர் இல்லை. என் அப்பா... காலை... கேட்டார். நான் பேசு, அவர் கேட்டார். பத்து தடவை. அவருக்கு ஆங்கிலம் இல்லை. ஆனால் கேட்டார்."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்துப் பேச வேண்டியவனும் தபால்காரர் மகன்தான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"எவ்வளவு மார்க் போட்டீங்க, அண்ணி?"

"காப்பின்னா சைபர்னு போர்டுல எழுதிப் போட்டதே நான்தான். அவ சொந்தமா பேசினது அந்த அஞ்சாறு வரி, அதுலயும் பாதி தப்பு. ஆனா இத்தனை மாசத்துல அந்த வகுப்புல யாராவது இங்கிலீஷ் பேசினாங்கன்னா அது அவதான். ரெண்டு நாளா அவ மார்க் கட்டம் காலியா கிடக்கு. கதை எழுதறீங்களே, நீங்க சொல்லுங்க தம்பி."

நான் நைசாக நழுவி வந்துவிட்டேன். மூன்று முடிவு எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். நாளைக் காலை லிஸ்ட் ஒட்டியாக வேண்டும், அண்ணி என் பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறார். நீங்களே சொல்லுங்கள், எவ்வளவு போடலாம்?