மூடியின் உட்புறம்

ஜாய்ஸ் சாட்டின் துணிக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோது ஷெரின் ஆட்டோவிலிருந்து மெல்ல இறங்கினாள். அனுமந்தன்பட்டியில் ஜாய்ஸ் வீட்டாருக்குச் சவப்பெட்டிப் பட்டறை. மரவேலை ஜாய்ஸின் கணவன் சவரிராஜுக்கு. உள்ளே துணி தைப்பதும் மூடியின்மேல் சிலுவையும் பெயரும் எழுதுவதும் ஜாய்ஸுக்கு. சவரிராஜின் தங்கை ஷெரின் உத்தமபாளையத்தில் வரலாற்று ஆசிரியை. இனி மருந்தால் பயனில்லை என்று மதுரை ஆஸ்பத்திரியில் அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"மதினி, எம்பெட்டியில நீங்க ஒரு படம் வரையணும்."

"வாயக் கழுவு."

ஷெரின் சிரித்தபடி கைப்பேசியை நீட்டினாள். எகிப்தின் பழைய சவப்பெட்டி. மூடியின் உட்புறம் முழுக்க ஒரு பெண் கைகளை விரித்திருந்தாள்; அவளைச் சுற்றி நீலத்தில் நட்சத்திரங்கள்.

"இவதான் ஆகாயம். அந்தில சூரியன முழுங்கி, ராத்திரி பூரா வயித்துல வச்சிருந்து, விடியக்கால பெத்துப்போடுவாளாம். செத்தவுகளயும் அப்பிடிப் பெத்தெடுப்பான்னு நம்புனாக."

"உள்ள வரைஞ்சா யாரு பாப்பா?"

"படுத்திருக்கவுக பாப்பாக."

அடுத்த படத்தில் இன்னொரு பெட்டி, அதன் பக்கவாட்டில் இரண்டு கண்கள் மட்டும். உள்ளே ஒருக்களித்துக் கிடப்பவர் கிழக்கே விடிவதைப் பார்க்க என்றாள் ஷெரின். ஜாய்ஸ் முதல் படத்துக்குத் திரும்பி, அதை விரலால் பெரிதாக்கினாள். புருவக் கோடு எங்கும் நடுங்கவில்லை. மூடிய பிறகு ஒரு மனுசக் கண்ணும் படாத இடத்தில், அந்தப் பெண்ணின் கைநகங்களைக்கூட விடாமல் வரைந்திருந்தான் எவனோ. ஜாய்ஸோ மூடியின் உட்புறத்துக்குச் சவரிராஜை இழைப்புளிகூடப் போட விட்டதில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று துணியால் மறைத்துவிடுவாள்.

"செத்தவுகளுக்கு எம்புட்டு மரியாத!" என்றாள்.

சவரிராஜ் ஒப்பவில்லை. "உசுரோட இருக்கவளுக்குப் பெட்டியா? அதுல அன்னியச் சாமி படம் வேறயா? ஃபாதர் என்ன சொல்லுவாக?" பட்டறைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டான்.

ஜாய்ஸ் ஒரு மூடியை எடுத்துத் தானே இழைத்தாள். மேகமலைக்கு மேல் இருட்டுமுன் தெரிகிற நீலத்தைக் கலந்தாள். உடம்புக்கு முடிகிற நாட்களில் ஷெரின் வந்து நாற்காலியில் உட்கார்ந்து நட்சத்திரம் வைத்தாள். அவற்றில் பல கோணலாக விழுந்தன.

"அந்தக் கண்ணையும் வரையவா?"

"வேணாம் மதினி. அண்ணன் பயந்துக்கிரும்."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஷெரின் போன அன்று சவரிராஜ் யாரையும் தொட விடாமல் தானே பெட்டியை அடித்தான். "அந்த மூடிதான் போடணும்" என்றாள் ஜாய்ஸ். அவன் மூடியைத் திரும்பியும் பார்க்காமல் அடுத்த ஆணியை எடுத்தான். வாசற்சுவரில் சாய்த்திருந்த மூடியின் முன் ஃபாதர் வெகுநேரம் நின்றார். பிறகு ஜெபப் புத்தகத்தைத் திறந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் மூடியைப் பொருத்தினார்கள். திருகாணியை வைத்த சவரிராஜ் சட்டென்று நிறுத்தி, ஒரு கையால் மூடியின் ஓரத்தைச் சற்றே தூக்கினான். மண்ணில் மண்டியிட்டு, பெட்டியின் விளிம்பில் கன்னம் படக் குனிந்து உள்ளே பார்த்தான்.

"பொழுது சாயுதுப்பா" என்றார் யாரோ.

அவன் எழவில்லை. தூக்கிய இடைவெளியில் இன்னொரு கையை நுழைத்து, ஷெரினின் முகத்துக்கு மேல் கோணலாக இருந்த நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தான்.