ஒட்டக எலும்பு

கல்லில் நார் உரிப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நக்லே கல்லில் பேனா உரிப்பவன் என்று அந்த லெபனான் மலைக் கிராமத்தில் கேலி பேசுவார்கள். கேலியில் பாதி உண்மை. உளி மழுங்கும் என்று மற்ற கடைசல்காரர்கள் ஒதுக்கிவைக்கிற ஆலிவ் வேர்க்கட்டை, ஆட்டுக்கொம்பு, ஒட்டக எலும்பு, வைரம் பாய்ந்த ஓக் இவற்றைத்தான் அவன் தேடிப் பிடித்து லேத்தில் ஏற்றிப் பேனா கடைவான். மெத்தென்ற மரம் பேனாவுக்கு ஆகாது, கை வியர்வையைக் குடித்தே ஊதிப்போகும் என்பது அவன் கட்சி. மெத்தென்ற மனிதர்களையும் அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் அவன் அக்கா வதாத் அவனையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். அவளிடம் அவனுடைய எந்த உளியும் வேலை செய்ததில்லை.

மலையில் சண்டை நடந்த வருடம் வதாதின் புருஷன் ஷாஹீன் மாவு வாங்கக் கீழே போனான். சாலை வளைவில் துப்பாக்கிக்காரர்கள் மறித்து நின்றார்கள். அவன் திரும்பவில்லை. வளைவுக்குப் பக்கத்து நிலத்துக்காரர் தன்னூஸ் மறுநாள் வந்து, ஷாஹீனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், என் கண்ணால் பார்த்தேன், உயிரோடுதான் இருந்தான், என்னைப் பார்த்துக் கையைக்கூடத் தூக்கினான் என்று சொன்னார். அந்தத் தூக்கின கையைப் பிடித்துக்கொண்டு வதாத் நாற்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட முழுதாக வாழாதவள். பாதிரியார் ஒருமுறை ஷாஹீனின் ஆன்மாவுக்குப் பூசை வைக்கலாமா என்று மெல்லக் கேட்டார். ஜெபம் பண்ணியே ஆளைச் சாகடிக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டு அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள்.

அவள் இருப்பது ஊருக்கு மேலே தனியாக நிற்கும் ஷாஹீனின் வீடு. மேற்குச் சுவர் கர்ப்பிணி வயிறுபோலப் புடைத்திருக்கிறது. போன குளிர்காலத்துப் பனி சமையலறைக் கூரையைப் பாதி இறக்கிவிட்டது. மிச்சப் பாதி இந்தப் பனியைத் தாங்காது என்பது குழந்தைக்கும் தெரியும். கீழே வந்து தன்னோடு இரு என்று நக்லே கெஞ்சாத நாளில்லை. திட்டியும் பார்த்தான். ஒருமுறை அவள் கட்டிலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பாதி வழி இறங்கிவிட்டான். அவள் அன்று இரவு வெறுந்தரையில் படுத்தாள், கட்டில் திரும்பி ஏறியது. எப்போது கேட்டாலும் அவளுக்கு ஒரே பதில்தான்.

"அவரு வந்தா எந்த வீட்டுக்குடா வருவாரு?"

தன்னூஸ் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. இந்த இலையுதிர் காலத்தில் அவர் மகன் மில்ஹெம் வளைவில் வீடு கட்டுவதற்காக அங்கே நின்ற பெரிய ஓக்கை வெட்டினான். மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த மரத்தில் பேனா செய்து கொடுக்க ஆசை. அடிமரத் துண்டுகளைக் கொண்டுவந்து பட்டறையில் இறக்கினான். வெட்டுப் பக்கத்தில் மரத்துக்குள் நீலக்கறுப்பாகக் கோடுகள் ஓடியிருந்தன. மில்ஹெமுக்கு அவற்றைப் பார்த்து ஒரே பூரிப்பு. "பாருங்க நக்லே மாமா, மரமே மை குடிச்சு வச்சிருக்கு. இந்தக் கறுப்பு வர்ற மாதிரியே எல்லா பேனாவையும் கடைஞ்சிடுங்க" என்றான்.

ஓக் கறுப்பது இரும்பு பட்டால்தான் என்று நக்லேவுக்குத் தெரியும். அதில் அவன் திடுக்கிட ஒன்றுமில்லை. அந்த மலையில் குண்டு இல்லாத மரம் என்றால் அது சண்டைக்குப் பிறகு முளைத்த மரம். எந்தக் கட்டை வந்தாலும் முதலில் காந்தத்தை ஓட்டி, ஒட்டுகிற இடத்தைப் பிளந்து, குண்டை எடுத்துப் பழைய நெய் டின்னில் போடுவது அவனுக்குப் பல் விளக்குவது மாதிரி.

ஆனால் சண்டைக் குண்டுகள் மரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பல திசையிலிருந்து, பல உயரத்தில் இருக்கும். இதில் ஏழு குண்டுகள். எல்லாம் சாலையைப் பார்த்த பக்கம். எல்லாம் ஒரு ஆளின் நெஞ்சு உயரத்தில், இரண்டு சாண் அகலத்துக்குள். மரம் அவற்றை மூடி வளர்ந்த வளையங்களை ஈர விரலால் எண்ணிப் பார்த்தான். அது எந்த வருடம் என்று தெரிந்ததும் எண்ணியது தப்பாக இருக்கக்கூடாதா என்று மறுபடி எண்ணினான்.

அதன் பிறகும் வேலையை நிறுத்தவில்லை. கைக்கு வேலை கொடுத்தால் மனது ஓயும் என்பது அவன் நம்பிக்கை. குண்டு எடுத்த இடத்தை ஒட்டிய ஒரு துண்டைச் சதுரமாக அறுத்து லேத்தில் ஏற்றினான். உளி வைத்த கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. மரம் கரகரக்கும், இரும்பு கீச்சிடும். இது மெல்லச் சீட்டியடித்தது. பழுப்புத் தூளுக்கு நடுவே வெள்ளைத் தூள் வந்தது. மயிர் பொசுங்குகிற வாசனை வந்தது. அந்தச் சத்தமும் அந்த வாசனையும் எலும்பு கடையும்போது அவன் தினமும் பழகியவை. லேத்தை நிறுத்தினான். குண்டு போன வழியில், விரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு மரத்துக்குள் செருகியிருந்தது. அதன் ஒரு பக்கத்தை அவன் உளி ஏற்கெனவே வழவழப்பாக்கிவிட்டது. மச்சானைக் கொஞ்சம் கடைந்துவிட்டிருந்தான்.

நக்லே தரையில் உட்கார்ந்து அழுதான். அழுகையோடு, இனி அக்கா கீழே வந்துவிடுவாள் என்று ஒரு நிம்மதியும் எழுந்தது. அந்த நிம்மதி அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

பேனா பார்க்க வந்த மில்ஹெமிடம், உன் அப்பா அந்த மரத்தைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொன்னாரா என்று கேட்டான். சொன்னதில்லை, ஆனால் அதன் நிழலில் உட்காரவே மாட்டார், ஆடுகளையும் அந்தப் பக்கம் விடமாட்டார், கிழவனுக்குக் கிறுக்கு என்று நாங்கள் சிரிப்போம் என்றான் மில்ஹெம். நக்லே இந்த மரத்தில் பேனா வராது என்று துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தான். ஏன் என்று கேட்டதற்கு உளி ஏறவில்லை என்றான். கல்லில் பேனா உரிப்பவன் இப்படிச் சொன்னதை மில்ஹெம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

மறுநாள் காலையில் நக்லே மேலே அக்கா வீட்டுக்கு ஏறினான். வதாத் காப்பி வைத்தாள். அவன் குண்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்து, எங்கே கிடைத்தன, எந்த உயரத்தில், எந்த வருடத்து வளையத்தில் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"மரத்துல இருக்கற குண்டு அவர் மேல படாத குண்டுடா. ஏழு தடவை சுட்டும் தப்பிச்சிட்டாரு. அப்புறம் லாரியில ஏத்தாம என்ன பண்ணுவானுங்க? தன்னூஸ் பொய் சொல்லல."

நக்லே வேறு வழியில்லாமல் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்துச் சில்லை அவள் முன்னால் வைத்தான்.

"என்னது?"

"எலும்புக்கா. மரத்துக்குள்ள இருந்துச்சு."

"உன் பட்டறையில எலும்பு கிடைச்சா அதிசயமா? மாட்டுக்கொட்டாயில சாணி கிடைச்சுதுன்னு கூடத்தான் சொல்வே. உன் பையில ஒட்டக எலும்பு இல்லாத நாள் உண்டா? அதுல ஒண்ணா இருக்கும்."

"ஒட்டக எலும்பு எனக்குத் தெரியாதாக்கா?"

சில்லை எடுத்து, வழவழப்பான பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். காப்பி ஆறியது. பிறகு தலை நிமிராமல், அவன் அதுவரை கேட்டிராத குரலில் சொன்னாள்.

"தெரியும்டா. உனக்குத் தெரியாத எலும்பா? அதனாலதான் கேக்கறேன். நீ சொன்னா ஊரு நம்பும். நானும் நம்புவேன். ஒட்டகம்னு சொல்லு."

நக்லே கூரையைப் பார்த்தான். உத்தரம் விட்டுப்போன இடத்தில் வானம் தெரிந்தது. அக்காவைப் பார்த்தான். இரண்டில் எது முதலில் விழும் என்று அவனுக்குத் தெரிந்தது.

"ஒட்டகம்தான்க்கா" என்றான்.

"அதானே" என்றாள்.

பனிக்கு முன்னால் கூரைக்கு ஒரு தார்ப்பாய் வாங்கி வரச் சொன்னாள். குண்டுகளை அவன் பக்கம் தள்ளி, போகிற வழியில் ஓடையில் எறிந்துவிடச் சொன்னாள். சில்லைத் தரவில்லை, அது அவள் மூடின கைக்குள் இருந்தது. ஒட்டக எலும்புதானே, பட்டறைக்கு ஆகுமே, கொடு என்று அவனும் கேட்கவில்லை.